நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாமை. "அவர் நாணயமானவர்" என்று ஒருவரைக் குறிப்பிட்டால், அவரிடம் பணம் இருக்கிறது என்று நாம் பொருள் கொள்வதில்லை. அவரை நம்பலாம் என்றே பொருள் கொள்கிறோம். காசையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லுக்குள் வைத்த நம் முன்னோர், இன்றைய பொருளியல் அறிஞர்கள் பல நூறு பக்கங்களில் விளக்குவதை ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாணய மதிப்பு ஏறுவதும் இறங்குவதும், நாடுகள் ஒன்றையொன்று பொருளாதாரத்தால் தாக்கிக்கொள்வதும் நாளிதழ்களின் வணிகப் பக்கத்துக்கு உரிய செய்திகள் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால், செனாய் போன்ற ஓர் ஊரில் ஆசிரியராய் இருப்பவர் அப்படிப் போய்விட இயலாது. வகுப்பறையின் மூன்றாம் வரிசையில், காலை எட்டு மணிக்கே கண் செருகும் குழந்தையின் முகத்தில் அந்த வணிகப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாணயப் போர் என்பது யாது?

2010ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரேசில் நாட்டின் அன்றைய நிதியமைச்சர் கீடோ மாந்தேகா, உலகம் ஒரு நாணயப் போரின் நடுவில் இருப்பதாகக் கூறினார். அதன்பின்னர்தான் இச்சொல் உலகெங்கும் பரவியது. சொல் புதிது, செயல் பழையது.

ஒரு நாடு தன் நாணயத்தின் மதிப்பைத் தானே தாழ்த்திக்கொண்டால், அதன் பொருள்கள் அயல்நாட்டாருக்கு மலிவாகக் கிடைக்கும். அதனால் அதன் ஏற்றுமதி பெருகும். அதன் தொழிற்சாலைகளில் வேலை பெருகும். ஆனால், அந்த வேலை பக்கத்து நாட்டுத் தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அடுத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான் இது. பாதிக்கப்பட்ட நாடும் சும்மா இருப்பதில்லை. அதுவும் தன் நாணயத்தைத் தாழ்த்தும். இல்லையேல் இறக்குமதி வரியை ஏற்றும். ஈற்றில் எல்லாருடைய தலையும் எரியும்.

1930களில் இப்படித்தான் நடந்தது. 1930இல் அமெரிக்கா தன் இறக்குமதி வரிகளைக் கடுமையாக உயர்த்தியது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனுக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. நாடுகள் ஒவ்வொன்றாய் இந்த வழியில் இறங்கின. உலக வணிகம் சுருங்கியது. அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்பனை சரிந்தால் மலாயாவில் ரப்பர் விலை சரியாதா? சரிந்தது. பால்மரம் வெட்டிய தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வாஷிங்டனிலும் இலண்டனிலும் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் வேலை இல்லை என்பது மட்டுமே தெரியும்.

யானையும் யானையும் மோதிக்கொண்டால் நடுவில் நின்ற சருகுமான் சாகும் என்னும் மலாய்ப் பழமொழியை நம் மாணவர்கள் தேசியமொழிப் பாடத்தில் மனனம் செய்கிறார்கள். அந்தச் சருகுமான் யார் என்று நாம் அவர்களுக்குச் சொல்கிறோமா?

நம் குடும்பங்கள் கண்ட மூன்று வீழ்ச்சிகள்

இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் நாணயம் கைவிட்ட தருணங்கள் சில உண்டு. மூன்றை மட்டும் இங்கே குறிப்பிட விழைகிறேன்.

முதலாவது, ஜப்பானியர் காலம். 1942 முதல் 1945 வரை அவர்கள் அச்சடித்துப் புழக்கத்தில் விட்ட பணத்தை நம் மூத்தோர் வாழைமர நோட்டு என்பார்கள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் வந்த பெயர் அது. போகப்போக, தாளில் தொடர் எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். எத்தனை தாள் வெளியே இருக்கிறது என்று கணக்கே இல்லாத பணத்துக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? விலைவாசி வானத்தைத் தொட்டது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அந்தத் தாள்கள் செல்லாக்காசாயின. மூன்றரை ஆண்டு உழைப்பைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர், காலையில் எழுந்தபோது வெறுந்தாளுக்குச் சொந்தக்காரராய் இருந்தார்.

இரண்டாவது, 1967. இது பலருக்குத் தெரியாத வரலாறு. அதுவரை மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகியவற்றுக்கு ஒரே நாணயம் இருந்தது. 1967 ஜூன் 12ஆம் நாள் மூன்றும் தத்தம் சொந்த நாணயத்தை வெளியிட்டன. பழைய தாள்களும் புதிய தாள்களும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்றே மக்கள் நம்பியிருந்தார்கள். பழைய தாள் பிரிட்டிஷ் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு தாழ்த்தியது. புதிய மலேசிய வெள்ளி தாழவில்லை. பழைய தாள் பவுனோடு சேர்ந்து தாழ்ந்தது. பழைய ஒரு வெள்ளி 85 காசாயிற்று!

வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களை இது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. வீட்டில், அரிசிப் பானையில், சேலை மடிப்பில் காசு சேர்த்து வைத்திருந்தவர்களே இழந்தார்கள். அதாவது, ஏழைகளே இழந்தார்கள். நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் இதை எதிர்த்துக் கடையடைப்பு நடந்தது. அது இனக்கலவரமாய் மாறி உயிர்களையும் பலிகொண்டது. நூற்றுக்குப் பதினைந்து வெள்ளி போனது ஒரு பக்கம். சமம் என்று நம்பிய ஒன்று சமமில்லாமல் போனதே, அந்த நம்பிக்கை முறிவு மறுபக்கம். நாணயத்தின் இரண்டு பொருளும் ஒரே நாளில் உடைந்தன.

இங்கே ஒன்றை நினைவூட்டலாம். நாம் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்று சொல்கிறோம். ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல், பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் பல்போன்ற விளிம்பைக் குறிப்பது. 1975இல் அதுவே அதிகாரப்பூர்வமான பெயராயிற்று. வெள்ளிக் காசுக்கு அதன் உலோகமே மதிப்பு. தாளுக்கு அப்படி ஏதுமில்லை. அதற்குப் பின்னால் நிற்பது ஓர் அரசின் வாக்கு மட்டுமே.

1997: ஒரு கணக்குப் பாடம்

மூன்றாவது வீழ்ச்சி இன்றைய பெற்றோர் பலர் நேரில் கண்டது. 1997 ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தைக் காத்துநிற்க இயலாமல் கைவிட்டது. அடுத்த சில நாள்களில் தாக்குதல் நம் ரிங்கிட் மீது திரும்பியது. பேங்க் நெகாரா ஜூலை 14 வரை தாங்கிப் பிடித்துவிட்டுப் பின்னர் விட்டுவிட்டது. அதற்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2 வெள்ளி 50 காசு. 1998 ஜனவரி 7ஆம் நாள் அது 4 வெள்ளி 88 காசு!

நாணயத்தை எப்படித் தாக்குவார்கள்? துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய ஒரு கணக்குதான் அது. ஒருவர் 2,500 வெள்ளியைக் கடனாக வாங்குகிறார். டாலர் 2.50 இருக்கும்போதே அதை மாற்றி 1,000 டாலர் வைத்துக்கொள்கிறார். இப்படிப் பலரும் கோடிக்கணக்கில் ரிங்கிட்டை விற்கும்போது அதன் விலை இறங்குகிறது. டாலர் 3.80க்கு வந்தபின் கடனைத் திருப்ப அவருக்கு ஏறத்தாழ 658 டாலரே போதும். மீதி 342 டாலர் இலாபம். அவர் எதையும் விளைவிக்கவில்லை, எதையும் செய்யவில்லை. ஆனால், அந்த இலாபத்தை யாரோ கொடுத்திருக்க வேண்டுமல்லவா? வேலை இழந்தவரும், விலை உயர்ந்த மருந்தை வாங்கியவரும், வெளிநாட்டில் படித்த பிள்ளைக்குக் கட்டணம் கட்டியவரும் கொடுத்தார்கள். 10,000 டாலர் கட்டணம் 25,000 வெள்ளியாய் இருந்தது போய் 40,000 வெள்ளியைத் தாண்டியது.

1997 செப்டம்பர் 20ஆம் நாள் ஆங்காங்கில் நடந்த உலக வங்கி, அனைத்துலக நாணய நிதியக் கூட்டத்தில், அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் நாணய வணிகத்தைத் தேவையற்றது, ஆக்கமற்றது, ஒழுக்கக்கேடானது என்று சாடினார். மறுநாள் அதே மேடையில் நிதி முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் அவருக்கு மறுமொழி கூறி, மகாதீர் தம் சொந்த நாட்டுக்கே ஆபத்தானவர் என்றார். 1998 செப்டம்பர் 1ஆம் நாள் அரசு மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் ஒரு டாலர் 3 வெள்ளி 80 காசு என்று கட்டிவைக்கப்பட்டது.

நாட்டுக்கு வெளியே, குறிப்பாகச் சிங்கப்பூரில், புழங்கிய ரிங்கிட்டையெல்லாம் அக்டோபர் 1ஆம் நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதன்பின் வெளியே இருக்கும் ரிங்கிட்டுக்கு மதிப்பில்லை. பயணி ஒருவர் 1,000 வெள்ளிக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. சிங்கப்பூரில் மலேசியப் பங்குகள் விற்கப்பட்டுவந்த கிளோப் சந்தை மூடப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிங்கப்பூரர்களின் பங்குகள் முடங்கின. அந்தச் சிக்கல் தீர 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. பின்னர் 1999 ஜூலை முதல் 500, 1,000 வெள்ளித் தாள்களும் செல்லாதவை ஆயின. ஒரு குண்டும் வெடிக்காமல் கடற்பாலத்தின் இரு பக்கமும் காயம்பட்டன.

1998இல் நம் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது, 1999இல் 6.1 விழுக்காடு வளர்ந்தது. கட்டுப்பாடுகளே காப்பாற்றின என்று சிலர் வாதிடுவர். கட்டுப்பாடுகள் இல்லாத தென் கொரியாவும் அதே ஆண்டு மீண்டதே என்று வேறு சிலர் வாதிடுவர். இரண்டிலும் உண்மை உண்டு. 2005 ஜூலை 21ஆம் நாள், சீனா தன் யுவானை டாலரிலிருந்து அவிழ்த்த அதே நாளில், மலேசியாவும் 3.80 என்னும் கட்டை அவிழ்த்தது.

எல்லாம் அயலார் சதியா?

அந்தக் காலத்தில் தேநீர்க்கடையிலிருந்து பள்ளி வரை ஒரே பேச்சு: ஓர் அயலார் வந்து நம் பணத்தைத் திருடிப் போய்விட்டார். இன்றும் நெருக்கடி வரும்போதெல்லாம் அதே பேச்சு எழுகிறது. ஓர் எதிரியின் பெயரைச் சொல்லிவிட்டால் பாடம் எளிதாக முடிந்துவிடும்; மாணவரும் கேள்வி கேட்க மாட்டார். ஆனால், அந்தப் பாடம் நிறைவானது அன்று.

1992 செப்டம்பர் 16ஆம் நாள் பிரிட்டிஷ் பவுன் சரிந்தபோது, அதன் வீழ்ச்சியின் மேல் பந்தயம் கட்டிய சோரோஸ் ஏறத்தாழ 100 கோடி டாலர் ஈட்டினார் என்பது உலகறிந்த செய்தி. அதே நாணயச் சந்தையில் நம் பேங்க் நெகாராவும் பெருந்தொகை வைத்து விளையாடி, 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் பல நூறு கோடி வெள்ளியை இழந்தது. 1994இல் அதன் ஆளுநர் பதவி விலகினார். அதாவது, 1997இல் நம்மைத் தாக்கிய சூதாட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு நாமும் ஓர் ஆட்டக்காரராய் அமர்ந்திருந்தோம். 2006 டிசம்பரில் மகாதீரும் சோரோசும் கோலாலம்பூரில் நேரில் சந்தித்தார்கள். நெருக்கடிக்குச் சோரோஸ் காரணர் அல்லர் என்பதைத் தாம் ஏற்பதாக அப்போது மகாதீர் கூறினார். பழி சுமத்திய பேச்சு நினைவிருக்கும் அளவுக்கு, பழியை விலக்கிய பேச்சு நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

நாணயச் சந்தையில் பேராசையும் கொடுமையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஓர் இனத்தையோ ஒரு நாட்டையோ காட்டி "இவர்களால்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, நாம் அவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கவில்லை, வெறுப்பைக் கற்பிக்கிறோம். 1967இல் பினாங்கில் ஒரு நாணயச் சிக்கல் எப்படி இனச் சிக்கலாய் மாறியது என்பதை அறிந்தவர் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்.

ஜொகூரில் நடக்கும் ஓசையில்லாப் போர்

இனி நம் ஊருக்கு வருவோம்.

1967இல் பிரிந்தபோதும் மலேசிய வெள்ளியும் சிங்கை வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாறின. 1973 மே 8ஆம் நாள் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. புருணை விலகவில்லை, அதன் நாணயமும் சிங்கை வெள்ளியும் இன்றும் சமமாகவே மாறுகின்றன. நம் கதை வேறு. 1997 நெருக்கடிக்குச் சற்று முன்பு ஒரு சிங்கை வெள்ளிக்கு ஏறத்தாழ 1 வெள்ளி 75 காசு. 2005இல் 2 வெள்ளி 25 காசு அளவில். 2024 பிப்ரவரியில் 3 வெள்ளி 50 காசைத் தாண்டியது. அந்த மாதம் ரிங்கிட், 1998க்குப் பிறகு டாலருக்கு எதிராகக் கண்ட மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டது.

சிங்கப்பூர் நம்மை ஏய்த்தா இது நடந்தது? இல்லை. அந்நாட்டு நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தைவிட நாணய மாற்று விகிதத்தையே தன் முதன்மைக் கருவியாகக் கொண்டு இயங்குகிறது. உண்பது முதல் உடுப்பது வரை எல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் நாடு அது. நாணயம் வலுவாக இருந்தால்தான் அங்கே விலைவாசி அடங்கும். எனவே, பல்லாண்டுகளாக அதை மெல்ல மெல்ல உயரவிட்டார்கள். நாம் வேறு வழியில் போனோம். மலிவான நாணயம் ஏற்றுமதிக்கு நல்லது என்ற எண்ணம் நமக்குப் பழகிப்போயிற்று.

செனாயிலுள்ள தொழிற்சாலைகளுக்கு அது ஓரளவு நன்மையே. செம்பனைக்கும் ரப்பருக்கும் நன்மையே. ஆனால், நம் அடுக்களையைத் திறந்து பாருங்கள். பருப்பு, வெங்காயம், மிளகாய், மல்லி, கோதுமை மாவு, பால்மாவு... இவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்து வருபவை. ரிங்கிட் தாழும்போது சாம்பாரின் விலை ஏறுகிறது. மாத ஊதியம் அப்படியே இருக்க, வாழ்க்கை மட்டும் மெலிகிறது. அதனால்தான் அப்பா பாலத்தைக் கடக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியானது. சிங்கையில் 2,000 வெள்ளி ஊதியம் என்றால், 3.20 விகிதத்தில் அது 6,400 வெள்ளி. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை முடுக்கும் தந்தையையும், தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் தாயையும் குறைகூற எனக்கு நா எழவில்லை. வீட்டுக் கடனைக் கட்டுவதும், பெற்றோரின் மருத்துவச் செலவைப் பார்ப்பதும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அந்தப் பணம்தான். அவர்கள் உழைப்பாளிகள், மதிக்கத்தக்கவர்கள்.

ஆனால், மறுபக்கக் கணக்கும் ஒன்று உண்டு. போக வர ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் 110 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால், ஏறத்தாழ 14 வேலை நாள்! மாதந்தோறும் 14 நாள் ஊதியமில்லாமல் சாலையிலும் சுங்கச் சாவடியிலும் கழிகிறது. அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? பிள்ளைகளிடமிருந்து. பாட்டி வீட்டில் விடியுமுன் எழுப்பி விடப்பட்ட குழந்தைதான் என் வகுப்பில் கண் செருகி அமர்ந்திருக்கிறது. தேர்ச்சி அறிக்கையில் பாட்டியின் கையொப்பம் இருக்கிறது. பெற்றோர் சந்திப்பு நாளில் நாற்காலி காலியாக இருக்கிறது. நாணயப் போரில் வீழ்ந்தவர் பட்டியல் ஒன்று எடுத்தால், இந்த மணி நேரங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் எதிர்கால விருப்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், முன்பு மருத்துவர், காவலர், ஆசிரியர் என்று எழுதுவார்கள். இப்போது "சிங்கப்பூரில் வேலை" என்று சிலர் எழுதுகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால், "எந்த வேலையும், டீச்சர், அங்கே மூன்று மடங்கு" என்கிறார்கள். பத்து, பதினொரு வயதில் ஒரு பிள்ளையின் இலட்சியம் ஒரு பெருக்கல் வாய்பாடாகச் சுருங்கிவிட்டது! தொழில் எது, திறன் எது என்னும் கேள்வியே எழாமல் போகிறது.

அந்த வாய்பாடும் நிலையானதன்று. 2024 பிப்ரவரியில் 3.50ஐத் தாண்டிய விகிதம், அதே ஆண்டு செப்டம்பரில் ரிங்கிட் வலுப்பெற்றதால் 3.20 அளவுக்கு இறங்கியது. 2,000 சிங்கை வெள்ளி ஊதியம் 7,000 வெள்ளியிலிருந்து 6,400 ஆனது. முதலாளி ஒரு காசும் குறைக்கவில்லை. ஆனால், வீட்டில் 600 வெள்ளி குறைந்துவிட்டது. 3.50 நிலைக்கும் என்று நம்பிப் புதிய கார் வாங்கியவர்கள் திணறினார்கள்.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. நாட்டின் நாணயம் உயர்கிறது, நாடு மகிழ்கிறது. அதே செய்தியைக் கேட்டு நம் சமூகத்தின் பல வீடுகள் வருந்துகின்றன. தன் நாட்டின் நலமும் தன் வீட்டின் நலமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் நிலையில் ஒரு குழந்தை வளர்வது நல்லதா? சிந்திக்க வேண்டும்.

தாளின்றி நின்ற தேர்வு

இதெல்லாம் பெரியவர்களின் சிக்கல், பள்ளிக்கு என்ன தொடர்பு என்று கேட்போருக்கு இலங்கையைக் காட்டலாம். 2022 மார்ச்சில் அந்நாட்டில் தாள் இறக்குமதி செய்ய டாலர் இல்லாமல் போனது. தேர்வுத்தாள் அச்சிட வழியின்றி மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதம் இலங்கை ரூபாய் தன் பிடியை இழந்து, டாலருக்கு 200 அளவிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. படித்துவிட்டு வந்த மாணவருக்கு வினாத்தாள் இல்லை! நாணயத்தின் மேல் நம்பிக்கை போனால், கரும்பலகை வரைக்கும் அது வந்து நிற்கும்.

நாடுகளின் வரிப்போரும் ஓயவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் ஏற்றுமதிப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி அறிவித்தது. ஜூலையில் 25 என்றது. ஆகஸ்டில் 19 என்று விதித்தது. செனாயில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளில் நம் மாணவர்களின் பெற்றோர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்காமலேயே அந்த எண்கள் மாறின.

நாம் என்ன செய்யலாம்?

உலக நாணயச் சந்தையை நாம் திருத்த இயலாது. ஆனால், நம் பிள்ளைகள் அறியாமையால் இழக்காமல் காக்க இயலும். 1945இலும் 1967இலும் மிகுதியாக இழந்தவர்கள், என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லாதவர்களே. ஆசிரியர்களுக்குச் சில பரிந்துரைகள்:

1. கணிதத்தில் பணம் என்னும் தலைப்பைக் கடையில் மீதி வாங்கும் கணக்கோடு நிறுத்த வேண்டா. வாரம் ஒருமுறை சிங்கை வெள்ளியின் விகிதத்தை வகுப்பின் ஒரு மூலையில் எழுதுங்கள். ஓராண்டு முடிவில் மாணவர்களே அதைக் குறிவரைவாக வரையட்டும். அது நேர்க்கோடு அன்று என்பதை அவர்கள் கண்ணே கண்டுகொள்ளும்.

2. அடுக்களைப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்று பொட்டலத்தில் பார்த்துப் பட்டியலிடச் செய்யுங்கள். பருப்புக்கும் டாலருக்கும் உள்ள உறவு அப்போது புரியும்.

3. 1967ஐ நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய தாள் 85 காசான கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். மொழிப் பாடமும் ஆயிற்று, வரலாறும் ஆயிற்று. இன்னும் பத்தாண்டு கழிந்தால் கேட்க ஆளிருக்காது.

4. இந்த விளக்கங்களைத் தமிழிலேயே சொல்லுங்கள். நாணய மாற்று, ஏற்றுமதி, இறக்குமதி, வட்டி, கடன் என்று நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. தமிழில் பொருளியல் சொல்ல முடியாது என்பது சோம்பலின் பேச்சு.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். சிங்கை ஊதியத்தை நம்பிக் கடன் வாங்குவதாயின், இன்றைய விகிதத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். மூன்றுக்கும் கீழே இறங்கினாலும் கட்ட முடியுமா என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் வரும் ஒவ்வொரு காசும் காற்றில் வந்தது. அதைச் சேமிப்பில் போடுங்கள். வாரத்தில் ஒரு நாளையாவது பிள்ளைக்கென ஒதுக்குங்கள். "அப்பா ஏன் அங்கே போகிறேன்" என்று அந்தக் குழந்தையிடம் அமர்ந்து சொல்லுங்கள். மூன்று மடங்கு கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல், அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

ஒரு தாளுக்கு மதிப்புத் தருவது அதன் பின்னால் நிற்கும் வாக்கு. அரசு வாக்குத் தவறினால் தாள் 85 காசாகிறது. சனிக்கிழமை வருகிறேன் என்று பிள்ளையிடம் சொன்ன வாக்குத் தவறினால், அங்கேயும் ஏதோ ஒன்று மதிப்பிழக்கிறது. அதை எந்த நாணய மாற்றுக்கடையிலும் மாற்றிக்கொள்ள இயலாது. இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிப்போம்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
செனாயிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை